பழுப்பு ஏறாத கட்டி

அந்த ஸ்லைடை முதலில் பார்த்தபோது சாயம் ஏறவில்லை, லேபில் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். நோய்க்குறியியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்த நேரம். கழுத்தில், தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலிருந்து எடுத்த கட்டி, நோயாளிக்கு 28 வயது. வழக்கமான சாயத்தில் செல்கள் சின்னச் சின்னக் கூடுகளாக, சுற்றிலும் மெல்லிய ரத்தக்குழாய்களோடு தெரிந்தன. நரம்போடு சேர்ந்த சிறு செல்திரள்களில் முளைக்கும் பாராகாங்லியோமா என்ற கட்டிதான், அதில் சந்தேகமே இல்லை. அடுத்து எஸ்டிஹெச்பி என்ற புரதம் இருக்கும் இடத்தைப் பழுப்பாகக் காட்டும் சாயம் போட்டோம், கட்டி முழுக்க வெளுத்துக் கிடந்தது. திரும்பப் போடச் சொல்லலாம் என்று எழுந்தவளை மேடம் உட்காரச் சொல்லி, "ரத்தக்குழாயைப் பாரும்மா" என்றார். பார்த்தேன். குழாய்ச் சுவரின் செல்களுக்குள் ரவை தூவியதுபோலப் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளிகள். சாயம் சரியாகத்தான் ஏறியிருக்கிறது, கட்டியின் செல்களில்தான் அந்தப் புரதம் இல்லை.

அது இருக்க வேண்டிய இடம் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா. உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வினைத்தொடரை முதல் வருடத்தில் கிரெப்ஸ் சுழற்சி என்று ஒப்பித்தோமே, அதில் சக்சினேட்டை ஃபியூமரேட்டாக மாற்றுகிற நொதியின் ஒரு பாகம் அது. நொதிக்கு ஏ, பி, சி, டி என்று நான்கு பாகங்கள், எஸ்டிஹெச்பி என்பது அதில் பி. எது கெட்டாலும் கூட்டு குலைந்து பி பாகம் நிற்காமல் போய்விடுகிறது, அதனால்தான் இந்த ஒரே சாயம் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நொதி நின்றால் சக்சினேட் செலவாகாமல் செல்லுக்குள் தேங்கும். சரி, தேங்கினால் என்ன? ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது ஹிஃப் என்கிற, ஆக்சிஜன் பற்றாக்குறைக்குச் செல்லைத் தயார்ப்படுத்தும் புரதத்தை அழிக்கச் சொல்லி அடையாளம் இடுகிற நொதிகள் செல்லில் உண்டு. 2019இல் கேலின், ராட்கிளிஃப், செமன்ஸா மூவருக்கும் நோபல் கிடைத்தது இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காகத்தான். அந்த நொதிகள் வேலை செய்யும்போது வெளியே வருவதும் சக்சினேட்தான். அது ஏற்கெனவே நிரம்பிக் கிடந்தால் அவை முடங்கிவிடுகின்றன, ஹிஃப் அழியாமல் நிற்கிறது, ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே செல் மூச்சுத் திணறுவதாக எடுத்துக்கொண்டு ரத்தக்குழாய்களை வரவழைத்துப் பெருகத் தொடங்குகிறது. மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்த டிஎன்ஏ மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளைக் களையும் நொதிகளுக்கும் இதே கதிதான்.

அந்தத் தமனி பிரியும் இடத்தில், இந்தக் கட்டி முளைக்கும் கரோட்டிட் பாடி என்ற உறுப்பு அரிசி மணி அளவுதான் இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. ஆண்டிஸ் மலை உயரத்தில் வாழ்பவர்களுக்கு அது பெருத்திருப்பதும், இந்தக் கட்டி அங்கே கூடுதலாக வருவதும் 1970களிலேயே எழுதப்பட்டுவிட்டன. டி பாகத்தின் மரபணுப் பழுது பரம்பரைப் பாராகாங்லியோமா குடும்பங்களில் தெரியவந்தது 2000இல். சமவெளியில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணின் கழுத்துக்குள் சில செல்கள் மட்டும் மலை உச்சியில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் கனக்கிறது. அட்ரினல் சுரப்பியில் வரும் ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற கட்டிக்கும் இந்தப் பழுதுகள் காரணமாகலாம். பி பாகம் கெட்டிருந்தால் பரவும் ஆபத்து அதிகம்.

மரபணுப் பரிசோதனையில் அந்த நோயாளிக்கு டி பாகத்தின் பழுது என்று வந்தது. கவுன்சலிங் அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல டாக்டர்" என்றார். அப்பா நல்ல ஆரோக்கியத்தோடு பக்கத்திலேயே இருந்தார். காகிதத்தில் வட்டமும் கட்டமுமாகக் குடும்ப மரத்தை வரைந்து மேலே போய்க் கேட்டபோதுதான், அப்பாவுக்கு நினைவு வந்தது: அவருடைய தாய்மாமாவுக்குக் கழுத்தில் பெரிய கட்டி, கண்டமாலை என்று சொல்லி வருடக்கணக்கில் பச்சிலை கட்டினார்களாம். டி மரபணுவின் பழுது அப்பாவிடமிருந்து வந்தால்தான் பெரும்பாலும் நோய். அம்மாவிடமிருந்து வந்தவர்கள் சுமப்பார்களே தவிர, கட்டி வருவது மிக அரிது. பாட்டி வழியாக வந்ததால் அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, அப்பா வழியாக வந்ததால் மகளுக்கு வந்துவிட்டது. இதனால்தான் பாராகாங்லியோமா என்றால் இந்தச் சாயம் போடாமல் நான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. வீட்டில் யாருக்கும் இல்லை என்ற பதிலை வைத்து விட்டுவிட்டால் ஒரு தலைமுறையே கைநழுவிப் போகும்.

அவர் முதலில் கேட்டது நான்கு வயது மகளைப் பற்றி. பழுது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, ஆனால் உங்களிடமிருந்து போவதால் அவளுக்குக் கட்டி வருவது மிக அரிது என்று விளக்கினோம். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சட்டென்று நிமிர்ந்து, "அப்ப என் தம்பி? அவனுக்கு ரெண்டு பசங்க" என்றார். அன்று மாலையே தம்பியை ரத்தம் கொடுக்க அழைத்து வந்தார்.