பார்மலினில் போன முதல் பயாப்சி

அம்மாவின் பாத வீக்கத்தைக் குடியாத்தத்தில் முதலில் சுளுக்கு என்றார்கள், அப்புறம் யூரிக் ஆசிட் என்றார்கள். புத்தூர்க்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் வேறு. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. எலும்பு டிபியில் ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. இருமலும் கிடையாது, நெஞ்சுப் படமும் நார்மல். அதனால் டிபி என்ற பேச்சே எழவில்லை. எலும்பு டிபி வந்த பலருக்கு நுரையீரலில் எதுவும் தெரியாதாம்.

வேலூரில் எம்ஆர்ஐ எடுத்ததும் குதிகால் எலும்பு அரித்திருப்பதும் பக்கத்தில் சீழ் கட்டியிருப்பதும் தெரிந்தது. டிபியாக இருக்கலாம், பூஞ்சையால் வரும் மதுரா பாதமாகவும் இருக்கலாம், திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி இல்லாமல் மருந்து தொடங்க முடியாது என்றார் டாக்டர். நியாயம்தான்.

கோளாறு அதற்கப்புறம்தான். தியேட்டரிலிருந்து ஒரே ஒரு டப்பாவைக் கொடுத்து லேபில் சேர்க்கச் சொன்னார்கள். கவுண்டரில் இருந்தவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் பார்மலின்ல போட்டுட்டாங்களே, கல்ச்சர் வராதுங்க" என்று திருப்பி நீட்டினார். திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கத்தான் பார்மலின். அது கிருமியைக் கொன்றுவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும், அதன் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கும் தனி டப்பாவில், நார்மல் சலைன் என்ற உப்பு நீரில் போக வேண்டும். தியேட்டரில் இருப்பவர்களுக்கு இது தெரியாதா என்ன?

திசு ரிப்போர்ட்டில் 'டிபியாக இருக்கலாம்' என்று வந்தது. டிபிக்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு நோய் கேட்குமா கேட்காதா என்பதற்கு அதில் பதில் இல்லை. மறுபடியும் வெறும் வயிறு, மறுபடியும் ஊசி. "எத்தினி வாட்டிதான் குடைவீங்க?" என்று அம்மா கேட்டதற்கு யாரிடமும் பதிலில்லை.

இந்த முறை உள்ளே கூப்பிடும்போதே வாசலில் நின்று, "சலைன் டப்பா வச்சிருக்கீங்களா சிஸ்டர்?" என்று கேட்டேன். முறைத்தார். ஆனால் வெளியே வந்தது இரண்டு டப்பா! நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். டப்பா மேல் பெயரும் எந்தக் கால் என்பதும் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிபிநாட் சீக்கிரமே வந்துவிட்டது: டிபி கிருமி உண்டு, ரிஃபாம்பிசின் கேட்கும். கல்ச்சர் முடிய 42 நாள் வரை ஆகும் என்பதால் அதற்குக் காத்திராமல் மாத்திரை தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் சாப்பிட வேண்டும். மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். நிக்‌ஷய் என்ற அரசு டிபி தளத்தில் பதிவு செய்தால் சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வரும். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அதிலும் ஒரு அலைச்சல்.