நாலு ஜீன்ஸ்

மார்ச் 3
தம்பியின் பழைய ஜீன்ஸ் மூன்றைத் தையல் பிரித்துப் போட்டேன். நாலாவது, அடிபட்ட அன்றைக்குப் போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கத்தரித்துக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். மூணு தடவை துவைத்தாச்சு. இன்னும் கொடியிலேயே கிடக்கிறது.

மார்ச் 4
முறிந்த எலும்பைப் பிடித்து நிறுத்தக் காலுக்கு வெளியே சுற்றி, கம்பிகளால் மாட்டியிருக்கும் வளையத்தோடு சேர்த்துக் கால் சுற்றளவு 25 அங்குலம். அவன் பேண்ட்டின் கீழ்ச்சுற்று 15. லுங்கியோடு வாசலுக்குக்கூட வரமாட்டேன் என்கிறான். வளையத்துக்கு மேல் போகிற மாதிரி ஒரு பேண்ட், இந்த ஜீன்ஸ்களிலிருந்தே தைக்கப் போகிறேன்.

மார்ச் 6
நாள் முழுக்க வெட்டினேன். ஐந்து அங்குலத் துண்டுகள், எல்லாமே பாவு வாக்கில், அதாவது நெடுக்கு நூல் ஓடும் பக்கமாக, ஒன்று குறுக்கே திரும்பினாலும் அப்புறம் இழுத்துக்கொண்டு கால் முறுக்கிவிடும். சாயம் பாவு நூலின் மேலாகத்தான் நிற்கிறது, உள்ளே வெள்ளை, அதனால்தான் தேயும் இடமெல்லாம் வெளுக்கிறது. முன்பக்கப் பாக்கெட்டில் போனின் நாலு மூலையும் அப்படியே வெளுத்துக் கிடந்தன. வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்த வலது முட்டி நூல்நூலாக இருக்கிறது. அந்தத் துண்டை வெட்ட மனசு வரவில்லை, முழுசாக எடுத்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 7
18-ஆம் நம்பர் ஊசி இரண்டு உடைந்தது. நாலு மூலை கூடுகிற இடத்தில் துணி எட்டு மடிப்பாகிவிடுகிறது. தையல்கடை பாயிடம் காட்டினேன். "செங்கல் அடுக்குற மாதிரி மாத்தி மாத்தி வைம்மா, மூலை சேராது. தடிப்பா இருந்தா சுத்தியல்ல நாலு தட்டு தட்டிட்டுத் தை." பாதிக் காலைப் பிரித்தேன். மறுபடி முதலிலிருந்து.

மார்ச் 8
ஜுரம் 101. கம்பி இறங்குகிற இடம் சிவந்திருக்கிறது.

மார்ச் 9
102. தைக்கவில்லை.

மார்ச் 11
ஜுரம் விட்டது. ராத்திரி உட்கார்ந்து பாக்கெட் மூலைச் செம்பு ரிவெட்டுகளைக் கழற்றினேன். ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர் வேலைக்காரர்களின் பேண்ட் கிழியாமலிருக்க அடித்தது, லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873-ல் காப்புரிமை வாங்கினார்கள். எவ்வளவு கெட்டி! ஒன்றுகூட லேசில் வரவில்லை. கம்பியில் உரசும் என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.
"அக்கா, பாக்கெட் ரெண்டு பக்கமும் வேணும்."
சரிடா.

மார்ச் 12
பக்கவாட்டில் திறப்புக்கு வெல்க்ரோ வேண்டாம், கட்டுத்துணியின் நூலைப் பிடித்து இழுக்கும். பிரஸ் பட்டன்தான், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 14.

மார்ச் 13
கொடியிலிருந்து நாலாவதை எடுத்தேன். கணுக்காலிலிருந்து இடுப்பு வரை ஒரே நேராக, வெளிப்பக்கத் தையலை ஒட்டியே வெட்டியிருக்கிறார்கள். எனக்குத் திறப்பு வேண்டிய அதே இடம். எவ்வளவு நேரம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ. அந்தக் காலைத் துண்டு போடாமல் அப்படியே வைத்து, உள்பக்கம் பிரித்து, நடுவே பத்து அங்குலத்துக்கு ஒட்டுத்துணி கொடுத்துவிட்டேன். முட்டித் துண்டும் அதில்தான்.

மார்ச் 15
இன்னும் மூணு பட்டன். காலை எட்டு மணிக்கு எக்ஸ்ரே.