கல்லைக் கையில் கொடுத்துக் கேட்பார்கள்: தொல்லியல் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

எம்.ஏ. தொல்லியலில் சேரும் ஜூனியர்கள் என்னிடம் அதிகம் கேட்பது கற்காலப் பாடத்தின் செய்முறைத் தேர்வைப் பற்றித்தான். கல்வெட்டு என்றால் எழுத்து இருக்கிறது, நாணயம் என்றால் உருவம் இருக்கிறது. எதையாவது பிடித்துக்கொண்டு எழுதிவிடலாம். மேசையில் நான்கைந்து கற்களை வைத்துவிட்டு, இது என்ன கருவி, என்ன கல், எப்படிச் செய்தது, எந்தக் காலம் என்று கேட்டால்தான் பலருக்கும் கை உதறுகிறது. முதுகலையில் எனக்கு மிகவும் பிடித்துப்போன பாடமே அதுதான். அதனால் எப்படிப் படித்தேன், எது பலன் கொடுத்தது என்று இங்கே சொல்கிறேன். வரலாறோ தமிழ் இலக்கியமோ படித்துவிட்டு வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நிலவியல் படித்தவர்கள் சில பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

கருவிகளின் பெயர்ப் பட்டியலில் தொடங்காதீர்கள். கையில் கிடைக்கும் நோட்ஸ் எல்லாமே கைக்கோடாரி, க்ளீவர், சுரண்டி, துளைப்பான், கூர்முனை என்று வரிசையாகப் போகும். அதை மனப்பாடம் செய்தால் எழுத்துத் தேர்வில் மதிப்பெண் வரும். ஆனால் கல் கைக்கு வந்ததும் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். ஒரு கல்லை மனிதன் அடித்து உடைத்தால் என்னென்ன தடயம் விழும் என்பதை முதலில் பழகிக்கொள்ளுங்கள். பெயரை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

அதற்குச் சில்லுதான் சரியான தொடக்கம். கருவி செய்ய எடுத்துக்கொண்ட மூலக் கல்லுக்குக் கருக்கல் என்று பெயர். சுத்தியல் கல்லால் அதன் விளிம்பில் அடித்தால் தெறித்து விழுவது சில்லு. வகுப்பில் ஃப்ளேக் என்றுதான் சொல்வோம். அடி விழுந்த பரப்பில் ஒரு சிறு துண்டு சில்லின் ஒரு முனையில் ஒட்டிக்கொண்டு வரும். அதற்குப் பெயர் அடிதளம். அதை ஒட்டி, சில்லின் உள்பக்கத்தில் மெல்லிய புடைப்பு ஒன்று இருக்கும், அது பல்ப். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை அடிதளத்திலிருந்து மெதுவாகக் கீழே இறக்கிப் பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடாத பல்ப்கூட விரலுக்குப் பிடிபடும். உள்பக்கம் ஒரே வீச்சில் பெயர்ந்த பரப்பு. வெளிப்பக்கத்தில் முந்தைய அடிகளில் பெயர்ந்த சில்லுகளின் வடுக்கள் இருக்கும், அல்லது கூழாங்கல்லின் பழைய தோல் அப்படியே இருக்கும். எது உள், எது வெளி, அடி எங்கே விழுந்தது. எந்தச் சில்லை எடுத்தாலும் இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். நாம் பார்க்கும் பாடநூல் படங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய ஃப்ளின்ட் கருவிகள். ஃப்ளின்ட் மிக நுண்ணிய மணி (துகள்) கொண்ட கல். அடி விழுந்த இடத்திலிருந்து அலை வளையங்கள் விரிவது அதில் பளிச்சென்று தெரியும். வட தமிழகத்தின் பழைய கற்காலக் கருவிகளோ குவார்ட்சைட்டால் ஆனவை. மணற்கல் உருமாறி இறுகியதுதான் குவார்ட்சைட்; மணி பெரிது, அலை வளையம் மங்கல், சில கற்களில் இருக்கவே இருக்காது. படத்தில் பார்த்ததைக் கல்லில் தேடிக்கொண்டு உட்கார்ந்தால் நேரம்தான் போகும். குவார்ட்சைட்டில் பல்ப், அடிதளம், இரண்டு வடுக்கள் சந்திக்கும் முகட்டுக் கோடு ஆகிய மூன்றையும் நம்புங்கள். உச்சி விளக்கு வெளிச்சத்தில் வடு தட்டையாகிவிடும். ஜன்னலோரம் போய்க் கல்லைச் சாய்த்துத் திருப்பினால் முகடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். தேர்வு அறையிலும் இடத்தைப் பார்த்து உட்காருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

வாய்மொழித் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: “இது ரோட்டு ஜல்லி இல்லை என்று எப்படிச் சொல்கிறாய்?” கிரஷரில் உடைபட்ட ஜல்லியிலும் பல்ப் வரலாம், ஆற்றில் உருண்டு மோதிய கல்லிலும் சில்லு பெயரலாம். அதனால் “பல்ப் இருக்கிறது சார்” என்பது போதிய பதில் ஆகாது. வடுக்களில் ஒழுங்கு இருக்கிறதா, ஒரே விளிம்பை நோக்கி வரிசையாகப் போகின்றனவா, ஒரு வடு இன்னொன்றின் மேல் ஏறியிருக்கிறதா, எல்லா வடுக்களும் ஒரே அளவு பழமையாகத் தெரிகின்றனவா என்று சொல்ல வேண்டும். கடைசியாக, எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்வியை மாணவர் கேட்டாலே தேர்வாளருக்கு முகம் மலரும்.

இனி வரைபடம். செய்முறையில் மதிப்பெண்ணை அள்ளித் தருவதும், கல்லை உண்மையில் கற்றுக்கொடுப்பதும் இதுதான். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு படிக்கலாமே என்று பலர் நினைப்பார்கள். போட்டோ எடுக்கும்போது நீங்கள் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை; வரையும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் முடிவெடுத்தாக வேண்டும். இந்த முகடு எங்கே முடிகிறது? இந்த வடு முதலில் விழுந்ததா, பக்கத்து வடுவா? பென்சில் நிற்கும் இடத்தில்தான் நமக்குப் புரியாத இடம் இருக்கிறது.

முறை இதுதான். காகிதத்தின் மேல் கல்லை அசையாமல் வைத்து, செட்ஸ்கொயரைச் செங்குத்தாக நிறுத்தி, விளிம்பைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக இறக்கி இணையுங்கள். பென்சிலைக் கல்லோடு ஒட்டி வரைந்தால் சாய்வில் அளவு பெருத்துவிடும். கைக்கோடாரி என்றால் கூர்முனை மேலே இருக்கட்டும். சில்லு என்றால் அடிதளம் கீழே. அப்புறம் முகட்டுக் கோடுகள். அதன் பிறகுதான் வடுக்களுக்குள் வளைகோடுகள். அவை அழகுக்கு அல்ல, அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று காட்டுவதற்கு. குவார்ட்சைட்டில் வளையம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் திசை தெரிந்தால் அதைக் காட்ட வேண்டும். திசை தெரியாவிட்டால் அந்த வடுவை வெறுமையாக விடுவதே நேர்மை. வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து விழுவதாகக் கொள்வது வழக்கம். பழைய தோல் இருக்கும் பகுதிக்குப் புள்ளி. முன்முகம், பக்கவாட்டு, பின்முகம் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கட்டும். பக்கவாட்டுத் தோற்றத்தைப் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். கைக்கோடாரியின் தடிமனும் விளிம்பு நேராகப் போகிறதா வளைந்து நெளிகிறதா என்பதும் அதில்தான் தெரியும்.

வரையப் பழகிவிட்டால் பெயர்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். க்ளீவரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சில்லில் செய்வது. அதன் அகன்ற வெட்டு விளிம்பு இரண்டு பெரிய பரப்புகள் சந்தித்து உண்டானது, அதைச் செதுக்கிக் கூராக்கியிருக்க மாட்டார்கள். கைக்கோடாரியில் இரண்டு முகங்களிலும் சுற்றிச் சுற்றிச் செதுக்கிய வடுக்கள் கூர்முனை வரை போகும். நோட்ஸில் இரண்டு வரியாக இருக்கும் இந்த வேறுபாடு, இரண்டையும் ஒரு தடவை வரைந்தவருக்கு மறக்காது. லெவல்லுவா என்ற சில்லெடுக்கும் முறையும் அப்படித்தான். சில்லை எடுப்பதற்கு முன்பே கருக்கல்லின் முகத்தை ஆமை ஓடு மாதிரி சுற்றிலும் செதுக்கித் தயார் செய்துவிடுவார்கள். அதனால் பெயர்ந்து வரும் சில்லின் வெளிப்பக்கத்தில் நாலா பக்கமிருந்தும் நடுவை நோக்கி வடுக்கள் இருக்கும்.

முடிந்தால் நீங்களே ஒரு கல்லை உடைத்துப் பாருங்கள். கருக்கல்லின் விளிம்புக் கோணம் 90 டிகிரிக்குக் குறைவாக இருந்தால்தான் சில்லு பெயரும் என்பது புத்தகத்தில் ஒரு வரி. கையில் அது வேறு அனுபவம். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம், திறந்த வெளியில் மட்டும். கல் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கீழே தார்பாய் விரித்து, உடைந்த துணுக்குகளை ஒன்று விடாமல் பொறுக்குங்கள். அவற்றைப் புதைப்பதாக இருந்தால் இந்த வருட நாணயம் ஒன்றையும் சேர்த்துப் புதைப்பார்கள், பின்னால் வருகிறவர் ஏமாறாமல் இருக்க. தொல்லிடத்தில் மட்டும் இந்த வேலை வேண்டவே வேண்டாம். அங்கே கிடக்கும் கல்லை நினைவுப் பொருளாக எடுத்து வருவதும் கூடாது.

பார்க்க வேண்டிய இடம் என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் முதலில். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், ஜல்லி தோண்டிய பள்ளம் ஒன்றில் கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார். ஃபூட் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுப்பை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அடுத்து பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம். குடியம் குகைகளும் அந்தப் பக்கம்தான். கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அத்திரம்பாக்கம் பற்றிய கேள்வி எழுத்துத் தேர்வில் வந்தால் “15 லட்சம் ஆண்டு” என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். கொசஸ்தலையாற்றுப் படுகையில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் செய்த அகழாய்வின் காலக்கணிப்பு 2011-இல் வெளியானது. அச்சூலியக் கருவிகள் (கைக்கோடாரி, க்ளீவர் அடங்கிய பழைய கற்கால மரபு) குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுகள் பழமையானவை, சராசரியாக 15 லட்சம் என்பது முடிவு. எப்படி என்பதில்தான் மதிப்பெண். நிலத்தின் மேல் கிடக்கும் குவார்ட்ஸில் விண்கதிர் பட்டு பெரிலியம்-10, அலுமினியம்-26 உண்டாகும். ஆழப் புதைந்ததும் உற்பத்தி நின்றுவிடும். அலுமினியம் வேகமாகச் சிதையும், பெரிலியம் மெதுவாக. இரண்டுக்கும் உள்ள விகிதம் புதைந்த காலத்தைச் சொல்லும். கூடவே மண்ணடுக்கின் காந்தத் திசையையும் பார்த்தார்கள். 2018-இல் அதே குழு அடுத்த முடிவை வெளியிட்டது: அங்கே அச்சூலியம் முடிந்து இடைப் பழைய கற்காலம் தொடங்கியது சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு. இதற்குப் பயன்பட்டது, மண் துகளில் கடைசியாக வெளிச்சம் பட்டு எவ்வளவு காலம் ஆனது என்று கணிக்கும் ஒளிர்வு முறை. கூட்டல் கழித்தல் 64,000 என்ற பிழை எல்லையையும் சேர்த்து எழுதுங்கள். பிழை எல்லை இல்லாத காலக்கணிப்பு அரைகுறை விடை.

வாய்மொழியில் வரும் இன்னொரு பொறி: “இதை வைத்து வேட்டையாடினார்களா?” ஆமாம் என்று பாய்ந்துவிடாதீர்கள். அத்திரம்பாக்கத்தில் எருமை இனம், குதிரை இனம், நீலான் ஆகியவற்றின் புதைபடிவப் பற்கள் கிடைத்திருக்கின்றன. அந்த விலங்குகள் அங்கே இருந்தன என்பதற்கு அது சான்று. கைக்கோடாரியால் கொன்றார்கள் என்பதற்குச் சான்று இல்லை. கைக்கோடாரி இறைச்சி வெட்டவும் மரம் செதுக்கவும் மண் கிளறவும் பயன்பட்டிருக்கலாம். விளிம்பின் தேய்மானத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் முறையைச் சோவியத் ஆய்வாளர் செமியோனோவ் வளர்த்தெடுத்தார். மணி பெரிய குவார்ட்சைட்டில் அதைச் செய்வது கடினம் என்பதையும் சொல்லுங்கள். வேட்டை பற்றி உறுதியாகப் பேச ஒப்பீடு வேண்டுமென்றால் இலங்கையின் ஃபா ஹியன் குகை இருக்கிறது. சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே குவார்ட்ஸ் நுண்கற்கருவிகளும் எலும்பு முனைகளும் குரங்கு, அணில் எலும்புகளோடு சேர்ந்து கிடைக்கும் இடம் அது. நம் பக்கத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலியில் தேரி என்னும் செம்மணல் மேடுகளில் கிடைக்கும் நுண்கற்கருவிகள். அவற்றைப் பற்றி ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956-இல் வெளியிட்ட கட்டுரையைத் தேடிப் பிடித்துப் படங்களை மட்டுமாவது பாருங்கள்.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு இதே படிப்பு போதுமா என்று கேட்கிறார்கள். தொல்லியல் பாட எண் 67. இரண்டாம் தாளில் 100 கேள்விகள், கற்காலம் அதில் ஒரு பங்குதான். அங்கே இடம், ஆய்வாளர், காலக்கணிப்பு முறை ஆகியவற்றைப் பொருத்தும் கேள்விகள் வரும். கர்நாடகத்தின் ஈசாம்பூர் என்றால் ஆய்வாளர் பத்தையா, கருவிக்கான கல் சுண்ணாம்புக்கல். மத்தியப் பிரதேசத்தின் ஹத்னோரா என்றால் மண்டையோட்டுப் புதைபடிவத்தைக் கண்டெடுத்த அருண் சொனாகியா, 1982 என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் சரி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது இல்லை, எதையும் விடாமல் குறித்துவிடுங்கள்.

செய்முறை அறையில் பெயர் பிடிபடாத கல் கட்டாயம் ஒன்றாவது வரும். வேண்டுமென்றே உடைந்த துண்டை வைப்பார்கள். பெயரை ஊகித்து எழுதுவதைவிட, கல் வகை, அளவு, தோல் எவ்வளவு மிச்சம், வடுக்களின் திசை, விளிம்பின் நிலை என்று பார்த்ததை எழுதிவிட்டு, “உடைந்த இருமுகக் கருவியாக இருக்கலாம்” என்று முடியுங்கள். அதற்கு மதிப்பெண் உண்டு. தாளைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு படத்துக்கும் கீழே அளவுகோல் போட்டிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.