கிராஸ் போயிருச்சுங்க

"முன்னாடி பார்த்தவங்க ஏதாச்சும் தப்பு பண்ணிட்டாங்களா தம்பி?" என்று அந்த எம்ஜிபியின், அதாவது பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரின், ஓனர் கேட்டார். "கிராஸ் போயிருச்சுங்க" என்றேன்.

அது பொய் இல்லை. கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி அவர் முன்னாலேயே வைத்தேன். அதன் இரு முனையிலும் உள்ள கூட்டல் குறி வடிவ மூட்டுதான் கிராஸ். பின்பக்க கிராஸை அவரே ஆட்டிப் பார்த்தார். கப்பைத் தட்டி எடுத்தால் உள்ளே கிரீஸ் இல்லை, செங்கல் நிறத்தில் துருப்பொடிதான் கொட்டியது. ஊசி ரோலர்கள் கிராஸின் காலில் வரிவரியாகத் தடம் போட்டிருந்தன. நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு வரியும் தட்டியது. அதைப் பார்த்த பிறகு யாரும் வேறு காரணம் கேட்க மாட்டார்கள். அவரும் கேட்கவில்லை.

நான் சொல்லாமல் விட்டது ஷாஃப்ட்டின் முன்பக்கம். ஷாஃப்ட்டை ஸ்லீவ் என்ற குழாய்க்குள் சொருகும் பற்கள்தான் ஸ்ப்லைன். அதன் மேல் அப்பியிருந்த அழுக்கை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததும் ஷாஃப்ட்டில் ஓர் அம்புக்குறி, ஸ்லீவில் ஓர் அம்புக்குறி தெரிந்தது. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளி இருந்தது. அதற்கு முன் வண்டி கிளட்ச் வேலைக்குப் போனது அண்ணன் பட்டறைக்கு. கூடப் பிறந்தவர் இல்லை; எனக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

கோளாறைக் கண்டுபிடித்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீலாம்பூர் பைபாஸில் 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் ரீங்காரம். கியரை நியூட்ரலில் தள்ளி உருட்டினாலும் போகவில்லை, ஆக இன்ஜினும் இல்லை, கிளட்ச்சும் இல்லை. ஸ்டீயரிங் ஆடவில்லை, கண்ணாடியில் பின்னால் வரும் லாரி மட்டும் கலங்கித் தெரிந்தது. அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 13 சுற்று. டிஃபரன்ஷியல் ரேஷியோ 3.9, அதாவது சக்கரம் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 3.9 சுற்று என்பதால், ஷாஃப்ட் சுமார் 50 சுற்று. சக்கரத்தில் பேலன்ஸ் இல்லை என்றால் தடதடக்கும். இது இரைந்தது.

அப்புறம் இரண்டு கிராஸையும் புதிதாகப் போட்டு, அம்பையும் நேராக்கி, ஒரே தடவையில் மாட்டினேன். அதிர்வு சுத்தமாகப் போய்விட்டது. எது போக்கியது என்று மட்டும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருக்கலாம் என்று எளிதாகச் சொல்லலாம். அடுத்தவர் வண்டியில் தெரிந்தே அம்பைத் தள்ளி மாட்டி, 90இல் ஓட்டிப் பார்க்க யாருக்குக் கை வரும்?

சாய்வாக நிற்கும் கிராஸ் தன் மறுபக்கத்தைச் சீராகச் சுற்றவிடாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். இரண்டாவது கிராஸைப் பிடித்திருக்கும் கவையான யோக்கும் முதலாவதோடு ஒரே வாக்கில் இருந்தால்தான் அந்த ஏற்றத்தாழ்வு சரிக்கட்டும். அம்புகள் காட்டுவது அந்த வாக்கைத்தான். ஆனால் எம்ஜிபியில் ஷாஃப்ட்டின் சாய்வு குறைவு. ஒரு பல் தள்ளினதற்கா இவ்வளவு இரைச்சல் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். உடனே இன்னொன்று நினைவுக்கு வரும். ஷாஃப்ட்டையும் ஸ்லீவையும் சேர்த்து வைத்துத்தான் பேலன்ஸ் பார்த்திருப்பார்கள். பல் தள்ளி மாட்டினால் அது கெடும். அந்த வேகத்தில் ஷாஃப்ட்டின் விளிம்பில் 10 கிராம் கூடினாலே இரண்டரைக் கிலோ அளவுக்கு வெளியே இழுக்கும்.

அண்ணன் பேரைக் காப்பாற்றத்தான் ஓனரிடம் கிராஸோடு நிறுத்தினேன். ஓனர் தன் நண்பர்களிடம், "தேஞ்ச கிராஸைக் கூடக் கவனிக்காம அனுப்பிட்டாங்க" என்றுதான் சொல்லித் திரிகிறார். அம்பைச் சொல்லியிருந்தாலும் அதேதான் ஆகியிருக்கும். இல்லை, அதைவிட மோசமாக ஆகியிருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு அண்ணனே போனில் கூப்பிட்டார். "எம்ஜிபி உங்கிட்ட வந்துச்சாமே, என்னடா இருந்துச்சு?"

"கிராஸ்தாண்ணா."

"அம்பு பாத்தியா?"

"நேராத்தாண்ணா வெச்சிருக்கேன்."

"சரி, சரி" என்றவர் இங்கிலாந்திலிருந்து வரும் சாமான் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அம்பைப் பற்றித் தெரிந்தவர் ஏன் தள்ளி மாட்டினார்? பையன் யாராவது மாட்டியிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. புது கிராஸ் கைக்கு வராத சமயத்தில் பல்லை மாற்றி மாற்றி மாட்டி, எங்கே அதிர்வு குறைகிறதோ அங்கே விட்டுவிடுவார். அம்பாசிடரில் அவர் அப்படிச் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இதிலும் அப்படி என்றால், நான் ஓனரிடம் சொன்னதுதான் முழு உண்மை. அதற்கு மேல் அவரிடம் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது.

அண்ணனிடம் நேராகக் கேட்டுவிடலாம்தான். கேட்டால், அம்பு தள்ளியிருந்ததைப் போனிலேயே ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்பார்.