15வது அசைவும் என் வலது முட்டியும்

போன ஞாயிற்றுக்கிழமை, மெதுவாகச் செய்யும் சீனப் பயிற்சியான தாய்ச்சியின் 24 அசைவுகளையும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை செய்து முடித்தேன். முட்டியில் அடிபட்டு எட்டு மாதம் ஆகியிருக்கிறது. படுத்திருந்த நாட்களில் தாய்ச்சியையும் முட்டிக் காயத்தையும் பற்றி நிறையத் தேடிப் படித்தேன். பாதிப் பேர் தாய்ச்சி முட்டிக்கு நல்லது என்றார்கள், மீதிப் பேர் விட்டுவிடு என்றார்கள். எனக்கு வேண்டியது இரண்டும் இல்லை. எப்படி அடிபட்டது, எப்படித் திரும்பி வருவது என்று ஒருவராவது விவரமாகச் சொல்லமாட்டார்களா என்றிருந்தது. அதனால் என் கதையை எழுதி வைக்கிறேன்.

சிங்கப்பூரில் தோ பாயோவில், எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கீழ்த்தளத்தில் காலை ஏழு மணிக்குக் கூடுவோம். பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய சீன அன்ட்டிகளும் அங்கிள்களும். ஆறு வருடமாக நான் ஒருத்திதான் தமிழ். நாங்கள் செய்வது 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் தாய்ச்சியின் யாங் பாணியிலிருந்து சுருக்கி அமைத்த 24 அசைவு.

அதில் 14வது அசைவு முடியும்போது உடம்பின் எடை மடக்கிய வலது காலில் இருக்கும். 15வது, இடப்பக்கம் திரும்பி இடது குதிகாலால் உதைப்பது. முதலில் எடையைப் பின்னாலிருக்கும் இடது காலுக்கு மாற்ற வேண்டும், அப்புறம் காலியாகிவிட்ட வலது பாதத்தை உள்பக்கம் திருப்ப வேண்டும், அதற்கும் அப்புறம்தான் எடை வலது காலுக்குத் திரும்பும். அடிபட்ட அன்று நான் எடையை மாற்றாமலே திரும்பிவிட்டேன். காலில் ஓட்டத்துக்கு வாங்கிய புது ஷூ, அடியில் ஆழமான ரப்பர் வரிகள், அது சிமெண்டுத் தரையைக் கவ்விக்கொண்டது. மேலே தொடை திரும்பியது, கீழே பாதம் அசையவில்லை. முட்டிக்குள் ‘டொக்’கென்று ஒரு சத்தம். வலி அவ்வளவாக இல்லாததால் உதைத்துவிட்டு மிச்சம் ஒன்பது அசைவையும் செய்தேன், அதைச் செய்திருக்கக் கூடாது. மறுநாள் காலை முட்டி வீங்கி, மடக்கவே முடியவில்லை.

முதலில் பார்த்த கிளினிக்கில் சுளுக்கு என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்துப் பேருந்திலிருந்து இறங்கும்போது கால் சட்டென்று மடங்கி விழப் போனேன். அதற்குப் பிறகுதான் எம்ஆர்ஐ, உள்பக்க மெனிஸ்கஸ் கிழிந்திருப்பது அதில் தெரிந்தது. ஊருக்குப் பேசியபோது அக்கா “ஜவ்வு கிழிஞ்சிருச்சா, ஆபரேஷன்தானே” என்றாள். நம் ஆட்கள் எலும்பை எலும்போடு கட்டும் தசைநாரையும் ஜவ்வு என்கிறோம், இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பையும் ஜவ்வு என்கிறோம். இரண்டும் வேறு, வைத்தியமும் வேறு. மெனிஸ்கஸ் என்பது இரண்டாவது. மெனிஸ்கஸில் வெளி விளிம்புக்குத்தான் நல்ல ரத்த ஓட்டம் உண்டு, உள்பகுதிக்குக் கிடையாது, அதனால் எங்கே கிழிந்திருக்கிறது என்பது முக்கியம். என் கிழிசல் சின்னது, முட்டி பூட்டிக்கொள்ளவும் இல்லை, அறுவை வேண்டாம், பயிற்சியில் சரிசெய்து பார்க்கலாம் என்றார் டாக்டர்.

பிசியோதெரபியின் முதல் இரண்டு வாரமும் ஒரே வேலைதான். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அதைக் கீழே அழுத்த வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, என்னால் முடியவில்லை. முட்டி வீங்கினால் தொடையின் முன்தசை வேலை செய்வதையே குறைத்துக்கொள்ளுமாம். என் தொடை, நான் சொல்கிறேன், அது கேட்கவில்லை, அழுகை வந்துவிட்டது. அப்புறம் காலை நேராக நீட்டித் தூக்குவது, படுத்து இடுப்பைத் தூக்குவது, பாதிக் குந்தல். மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

ஆறாவது வாரத்தில் பிசியோதெரபி சொல்லித்தந்த பெண் என்னைக் கண்ணாடி முன் ஒற்றைக்காலில் நிற்கவைத்து லேசாக மடக்கச் சொன்னார். முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. அடிபடாத இடது காலிலும் அப்படியேதான். இடுப்புப் பக்கத் தசைகளுக்குப் பலம் இல்லை, பாரத்தையும் திருகலையும் முட்டி வாங்கிக்கொண்டிருக்கிறது என்றார். எங்கள் லாவ்ஷி, அதாவது ஆசிரியர், ஆறு வருடமாக இதைத்தான் “குவா, குவா” என்று தன் இடுப்பு மடிப்பைத் தட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்புவது அங்கிருந்து வரவேண்டும், முட்டி பாதவிரல் நோக்கிய திசையில் சும்மா இருந்தால் போதும். நான் தாழ்ந்து நிற்பதில்தான் கவனமாக இருந்தேன், பார்க்க அழகாக இருக்கும் என்று.

குழுவில் ஒருவர் வலியைப் பொறுத்துச் செய்யுங்கள், சி (உடம்பில் ஓடுவதாகச் சீனர்கள் சொல்லும் உயிராற்றல்) ஓடும், சரியாகிவிடும் என்றார். தயவுசெய்து யாருக்கும் அப்படிச் சொல்லாதீர்கள். இன்னொருவர் 2016இல் அமெரிக்காவில் 204 பேரை வைத்துச் செய்த ஆய்வை அனுப்பினார். தாய்ச்சியும் பிசியோதெரபியும் வலியைக் கிட்டத்தட்ட ஒரே அளவு குறைத்தன என்று அதில் இருந்தது. நல்ல ஆய்வு, ஆனால் அது முட்டித் தேய்மானம் உள்ளவர்களைப் பற்றியது, புதிதாகக் கிழிந்த மெனிஸ்கஸைப் பற்றி அல்ல.

லாவ்ஷி மட்டும் “மன் மன் லாய்” என்றார், மெதுவா மெதுவா. முதல் மாதம் கல்மேசைப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கைகளை மட்டும் செய்தேன். அப்புறம் நின்ற இடத்திலேயே மேகக்கை என்ற அசைவு. அப்புறம் வெறும் நடை, ஒரு காலைக் காலியாக்கி, மறுகாலை நிறைத்து, புளோக்கின் ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரை, இப்படியே பத்து வாரம். மறுநாள் காலை முட்டி வீங்கியிருந்தால் முந்தைய நாள் செய்தது அதிகம், குறைத்துக்கொள்ள வேண்டும். எனக்கிருந்த ஒரே விதி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மெல்லிய தட்டையான கேன்வாஸ் ஷூவோடு போனேன். 15இல் எல்லோரும் உதைத்து முடித்த பிறகுதான் நான் எடையை மாற்றி, பாதத்தைத் திருப்பி, மறுபடி எடையைக் கொண்டுவந்து உதைத்தேன், யாரும் அவசரப்படுத்தவில்லை. தரையோடு தாழ்கிற 16லும் 17லும் நான் பாதி உயரத்திலேயே நின்றேன். முன்வரிசையில் லாவ்ஷியும் தாழவில்லை. இத்தனை வருடம் நான் குனிந்தே இருந்ததால் அதைப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை எழுந்ததும் இரண்டு முட்டியையும் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை.