கிணற்றுக்குள் என்ன இருக்கிறது?

போன சனிக்கிழமை சாயங்காலம், கோத்தகிரியில் கரண்ட் போய் ஒரு மணி நேரம் இருக்கும். மூடுபனி ஜன்னல் கண்ணாடி வரைக்கும் வந்து நின்றது, மேசை நடுவில் எமர்ஜென்சி விளக்கு, சுற்றி நாங்கள் ஐந்து பேர், பகடை உருட்டிக் கதையாகப் பேசி ஆடும் விளையாட்டில். பாழடைந்த கோட்டையின் முற்றத்தில் ஒரு கிணறு இருக்கிறது என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, எதிர்வீட்டு அக்காவின் மகள் கேட்டாள்: "மாமா, கிணத்துக்குள்ள என்ன இருக்கு?"

பதில் என் போனில்தான் இருந்தது. அந்தக் கோட்டைக் கதைக்காக வாங்கிய 212 பக்க பிடிஎஃப். கிணறு இருப்பதை 94ஆம் பக்கம் சொன்னது, உள்ளே இருப்பதற்கு 131ஆம் பக்கம் பார்க்கச் சொன்னது, அங்கே போனால் அதில் வாழும் ஜந்துவின் கணக்கெல்லாம், அதாவது அதன் பலத்தைச் சொல்லும் எண்களெல்லாம், கடைசி இணைப்பில் கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் பெரிய ஓவியம், ஒவ்வொன்றும் திறப்பதற்குள் போன் திணறியது. நாலு நிமிஷம் ஆகியிருக்கும். அதற்குள் என் சித்தப்பா மகன் டீ போட எழுந்து போய்விட்டான், கேட்டவள் அம்மாவிடம் வேறு ஏதோ பேச ஆரம்பித்துவிட்டாள். நான் நிமிர்ந்து பதில் சொன்னபோது அந்தக் கிணற்றை எட்டிப் பார்க்க யாருக்கும் ஆசை மிச்சமில்லை.

அந்தப் புத்தகத்தை வாங்கிய வாரம் ஒரே மூச்சில் படித்தேன். படிக்க அருமையாக இருந்தது. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் தயங்காமல் வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன், அதை நினைத்தால் இப்போது உறுத்துகிறது. இந்த மாதிரித் துணைப் புத்தகம், அதாவது ஒரு சப்ளிமென்ட், உபயோகமா இல்லையா என்று படித்துப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆடும்போது என் கையில் இருந்த வேலையில் எதை அது வாங்கிக்கொண்டது, எதைக் கூடுதலாக என் தலையில் ஏற்றியது என்று மேசையில்தான் பார்க்க வேண்டும்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு இரண்டு வரி. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து தொடங்கிய வகை இது. ஒருவர் உலகத்தை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடுவார்கள், சந்தேகம் வந்தால் பகடை. மூல விதிப்புத்தகத்துக்கு மேல் சாகசக் கதை, வரைபடம், ஜந்துக்கள், பகடையில் வரும் எண்ணுக்கு ஒரு வரி என்று போட்ட அட்டவணைகள், வெட்டி ஒட்டும் காகித மினியேச்சர் (பாத்திரங்களின் சின்ன உருவங்கள்) என்று எழுதிச் சேர்ப்பதெல்லாம் சப்ளிமென்ட். 2023 ஜனவரியில் அந்த விளையாட்டின் அடிப்படை விதிகள் அடங்கிய 5.1 ஆவணத்தை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் அதை எடுத்துத் தன் புத்தகத்தில் சேர்க்கலாம், விற்கலாம். நல்ல காரியம்தான். ஆனால் 48 பக்கப் புத்தகம் என்று வாங்கினால் அதில் 20 பக்கம் இலவசமாகக் கிடைக்கும் அதே ஜந்துக்களின் கணக்காக இருப்பதும் நடக்கிறது. அதனால் இறக்கியவுடன் நான் செய்யும் முதல் வேலை, ஏற்கெனவே என்னிடம் இருப்பதைக் கழித்துவிட்டு மீதி எத்தனை பக்கம் என்று எண்ணுவது.

விலையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அயர்ன்ஸ்வோர்ன் என்று இதே வகையில் இன்னொரு விளையாட்டு, 2018இலிருந்து இலவச பிடிஎஃப், அதிலுள்ள ஒற்றைச்சொல் அட்டவணைகளை வேறு விளையாட்டுகளிலும் எத்தனையோ சனிக்கிழமை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறேன். செயலுக்கு 100 சொல், கருப்பொருளுக்கு 100 சொல், இரண்டிலும் ஒவ்வொன்று உருட்டிச் சேர்த்தால் ஒரு காட்சி பிறக்கும். காசு கொடுத்து வாங்கிய பல அட்டவணைகள் அந்த அளவுக்குக் கை கொடுத்ததில்லை.

அட்டவணை என்று வந்துவிட்டதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விற்பனைக் குறிப்பில் "100 சம்பவங்கள்" என்று போட்டிருந்தால் நம் மனசு உடனே அதை 100 சனிக்கிழமைக்கான சரக்கு என்று எடுத்துக்கொள்கிறது. எதிர்வீட்டு அக்கா பள்ளியில் கணக்கு டீச்சர், அவர்தான் ஒருநாள் பேப்பரில் போட்டுக் காட்டினார். 100 வரி அட்டவணையை 100 முறை உருட்டினாலும் சராசரியாக 63 வரிதான் கண்ணில் படும், வந்ததே வரும், மீதி 37 தூங்கும். நாங்கள் வாரம் நாலு முறை உருட்டுகிறோம், ஆக அந்த 100 முறைக்கே 25 வாரம் வேண்டும். அதனால் எண்ணிக்கை எனக்கு முக்கியமில்லை, எந்த வரி வந்தாலும் அடுத்த நிமிஷமே ஆட முடிகிறதா என்பதுதான் முக்கியம். "மூன்று கொள்ளையர்" என்று ஒரு வரி இருந்தால் அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், என்ன வேண்டும் என்பதெல்லாம் நானே யோசிக்க வேண்டும். "மூன்று கொள்ளையர், ஒருவனுக்குக் கால் உடைந்திருக்கிறது, மற்ற இருவரும் அவனை விட்டுப்போவதா என்று சண்டை" என்று இருந்தால் நான் வாயைத் திறந்தால் போதும்.

இரண்டு ஆறுமுகப் பகடையைக் கூட்டும் அட்டவணையில் இன்னொரு விஷயம். 7 வர 36இல் 6 வாய்ப்பு, 2க்கும் 12க்கும் 36இல் ஒன்றே ஒன்று. எழுதுகிறவர்கள் தங்களுடைய சிறந்த கற்பனையைக் கொண்டுபோய் 2இலும் 12இலும் வைத்துவிடுகிறார்கள், நடுவில் 7க்கு எதிரே "எதுவும் நடக்கவில்லை" என்று போடுகிறார்கள். எங்கள் கணக்குக்கு அந்த 12ஐப் பார்க்கச் சராசரியாக 9 வாரம் ஆகும். அக்கா சொன்னது அப்படியே: "தம்பி, தாயக்கட்டையில தாயம் விழறதே எட்டுல ஒண்ணுதான், அதுக்கே என்ன பாடு படறோம்." அதிலிருந்து எந்த அட்டவணையைப் பார்த்தாலும் என் கண் நேரே நடு வரிக்குத்தான் போகிறது. 6, 7, 8 மூன்றும் சுவாரசியமாக இருந்தால் எழுதியவர் உருட்டி ஆடிப் பார்த்திருக்கிறார் என்று நம்புவேன்.

பயண விதிகளை நான் ஒரே ஒரு கேள்வியில் சோதிப்பேன்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு இதை வைத்து ஏற முடியுமா? பெரும்பாலான புத்தகங்களில் வரைபடம் அறுகோணக் கட்டங்களாக இருக்கும், ஒரு கட்டம் 6 மைல், அதாவது 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சமவெளியில் ஒரு நாளைக்கு இத்தனை கட்டம், மலை என்றால் அதில் பாதி. அவ்வளவுதான் விதி. ஆனால் நம் மலை ரயிலைப் பாருங்கள், மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் நடுவில் ஏறினாலும் இறங்கினாலும் அதே 46 கிலோமீட்டர்தான், ஏறச் சுமார் ஐந்து மணி நேரம், இறங்க மூன்றரை மணி நேரம். ஏற்றமும் இறக்கமும் ஒன்றல்ல என்பது இங்கே தலையில் இலை மூட்டை சுமந்து ஏறும் எல்லோருக்கும் தெரியும், அந்தப் பாதி விதிக்குத் தெரியவில்லை. வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டமாக இருக்கும் இரண்டு ஊருக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு விழுந்துவிட்டால், குரல் கேட்கும் தூரத்துக்குப் போய்ச் சேர அரை நாள் ஆகும். இதற்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கி, தூரத்தை விட்டுவிட்டு மணிக்கணக்கில் எழுதிய 12 பக்கப் பிரசுரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. இரண்டு வருஷமாக அதைத் தாண்டி வேறு பயண விதி நான் தேடவில்லை.

வானிலை அட்டவணையும் அப்படித்தான். தினமும் காலையில் ஒரு பகடை, 1 வந்தால் புயல், 6 வந்தால் வெயில். திங்கள் புயல், செவ்வாய் வெயில், புதன் திரும்பப் புயல் என்று எந்த மலையிலும் நடப்பதில்லை. ஆடியில் கூடலூர்ப் பக்கம் கொட்டும்போது இங்கே பெரும்பாலும் சாரலோடு போகும், எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில்தான், வந்தால் லேசில் விடாது. நேற்றைய நிலையிலிருந்து ஒரு படி மேலே அல்லது கீழே என்று நகரும் அட்டவணையாக இருந்தால் வைத்துக்கொள்வேன், இல்லையென்றால் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு அதையே சொல்லிவிடுவேன்.

சரி, மினியேச்சருக்கு வருவோம். இங்கே உபயோகம் என்பதை ஸ்கேல் வைத்தே அளந்துவிடலாம். கட்டம் போட்ட வரைபடங்களில் ஒரு கட்டம் ஒரு இஞ்ச், 25.4 மில்லிமீட்டர். கோப்புகளில் பாதிக்கு மேல் அமெரிக்க லெட்டர் தாளுக்குச் செய்தவை, அது 216க்கு 279 மில்லிமீட்டர், நம் ஏ4 210க்கு 297. ஜெராக்ஸ் கடையில் தாளுக்கு ஏற்பச் சுருக்கி அடித்துக் கொடுத்தால் 97 சதவீதம் ஆகிவிடும், பத்துக் கட்டம் 254 மில்லிமீட்டர் வர வேண்டியது 247இல் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு தாளை ஒரு கடையிலும் இன்னொன்றை முழு அளவில் வேறு கடையிலும் அடித்து இரண்டையும் ஒட்டிப் பாருங்கள், தாழ்வாரம் சுவரில் போய் முட்டும். கோப்பின் ஓரத்தில் "இந்தக் கோடு சரியாக ஒரு இஞ்ச் இருக்க வேண்டும்" என்று ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறார்களா என்று அதனால்தான் முதலில் பார்க்கிறேன். அந்தக் கோட்டைப் போட்டவர் தானே பிரின்ட் எடுத்து, வெட்டி, ஒட்டிப் பார்த்தவர். கறுப்புப் பின்னணியை அணைத்துவிட்டு அடிக்க வழி வைத்திருந்தால் இன்னும் மரியாதை, 30 பக்கம் முழுக் கறுப்பை அடிக்க ஆகும் செலவில் இன்னொரு புத்தகம் வாங்கலாம்.

காகித மினியேச்சர்களில் தாளின் கனத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சாதாரணத் தாளில் அடித்து அட்டையில் ஒட்டினால் இந்த ஊர் ஈரத்துக்கு ஒரே வாரத்தில் வளைந்து, வீரர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பார்கள். 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத அட்டை, லேசர் பிரின்ட், வெட்டிய ஓரம் முழுக்க ஒரு கோட் ஃபெவிகால். அடிப்பாகத்தை மடிக்கும் கோடு வெட்டும் கோட்டிலிருந்து வேறு மாதிரி அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள், எமர்ஜென்சி விளக்கில் கத்தரி பிடிக்கும்போது அந்த வித்தியாசம்தான் காப்பாற்றும்.

சண்டைக் காட்சிகள் அடங்கிய தொகுப்பு என்றால் இரண்டே கேள்வி: எத்தனை பொம்மை, எவ்வளவு இடம். ஆறடிக்கு நாலடி மேசையும் அணிக்கு 40 உருவமும் கேட்கும் தொகுப்பு எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏறாது. மூன்றடிச் சதுரம், அணிக்கு ஐந்தாறு உருவம் என்றால் ராத்திரி ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். மரம் கட்டிடமெல்லாம் கோப்பிலிருந்தே வர வேண்டியதில்லை. தம்பி தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறான், கவாத்து நேரத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகளில் விரல் நீளத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவான். கணுவும் முறுக்குமாக, பட்டையில் வெள்ளைப் பாசி பிடித்து, நூறு வயசு மரம் போலவே இருக்கும். பழைய செருப்பின் அடி ரப்பரில் துளை போட்டு நட்டால் ஒரு சோலைக்காடு. நான் காசு கொடுத்து இறக்கிய எந்த மரத்திலும் அந்த முறுக்கு இல்லை.

ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் 1880களில் ஸ்னூக்கர் விதிகளை எழுதிச் சுவரில் மாட்டினார்கள் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. எனக்கு அதில் பிடித்தது அது தொங்கிய இடம். கையில் கோலோடு நிற்கிறவர் தலையை நிமிர்த்தினால் தெரியும் இடம். என்னிடம் இருக்கும் சப்ளிமென்ட்களில் அதிகம் உழைத்தது நாலு பக்கம்தான், ஒரு ஏ3 தாளை மடித்தது, நடுவில் பாலத்தின் வரைபடம், எந்த இடமோ அந்த இடத்தின் பக்கத்திலேயே அதற்கான நாலு வரி. ஆடும்போது நான் புரட்டியதே இல்லை. பிரின்ட் எடுத்த எல்லாவற்றின் பின்பக்கத்திலும் எந்தத் தேதியில் எதைப் பயன்படுத்தினேன் என்று பென்சிலில் குறித்துவைப்பேன், அதன் பின்பக்கத்தில் 11 தேதி இருக்கிறது.

212 பக்கப் புத்தகத்துக்கு ஒரே தேதி. தூக்கிப் போட மனசு வரவில்லை, கோட்டை உண்மையிலேயே நல்ல கோட்டை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து அதன் வரைபடத்தை மட்டும் பெரிய தாளில் அடித்து, 131ஆம் பக்கத்திலும் இணைப்பிலும் இருந்ததையெல்லாம் சுருக்கி அந்தந்த அறையின் ஓரத்தில் சிவப்புப் பேனாவில் எழுதினேன். இரண்டரை மணி நேரம் ஆனது, அந்த நேரத்தையும் அதன் விலையோடு சேர்த்துத்தான் கணக்கு வைத்திருக்கிறேன். கிணற்றுக்குப் பக்கத்தில் இப்போது இப்படி இருக்கிறது: "தண்ணீர் இல்லை. இருபது அடி கீழே பக்கவாட்டில் ஒரு துளை. துளையிலிருந்து கயிறு தொங்குகிறது, கயிறு ஈரம்."