ஆறு நிமிட நடையில் அடங்காதவை

என் தம்பிக்கு டூஷென் தசைச்சிதைவு நோய். 11 வயதில் அவன் நடை நின்றது. இப்போது அவனுக்கு 19 வயது. நடை நிற்பதற்கு முந்தைய ஆண்டு ஒரு மருந்துப் பரிசோதனையில் சேர்ப்பதற்காக அவனை அழைத்துச் சென்றிருந்தோம். நீண்ட நடைகூடத்தில் 25 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகள் வைத்திருந்தார்கள். அவற்றுக்கிடையே 6 நிமிடங்கள் போய்த் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். விழுந்தால் பிடிப்பதற்கு ஒருவர் பின்னாலேயே வருவார். முதுகு வளைய, வயிறு முன்னே தள்ள, முன்பாதத்தில் ஊன்றி நடந்தவன் நான்காவது நிமிடத்தில் விழுந்துவிட்டான். பின்னால் வந்தவர் கைகொடுப்பதற்குள், தரையிலும் பிறகு முழங்காலிலும் பிறகு தொடையிலும் கையை ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதைப் போல எழுந்து நின்றான். தாளில் ஏறியது அவன் நடந்த மீட்டர் கணக்கு மட்டுமே. அது போதவில்லை என்று அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அந்த அளவீட்டை நான் குறை கூறவில்லை. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதைக் காட்ட, எங்கும் ஒரே முறையில் அளக்கக்கூடிய ஏதோ ஒன்று ஆய்வாளர்களுக்கு வேண்டியிருக்கிறது. ஆனால் எதை அளப்பது என்று முடிவு செய்த இடத்தில், இந்த உடம்போடு நாள்தோறும் வாழ்கிறவர்கள் இருந்திருக்க வேண்டும். நடக்க முடியாதவர்களைப் பல பரிசோதனைகள் வாசலிலேயே நிறுத்தியதற்கு, நடையை மட்டும் அளந்ததே பெரிய காரணம். பின்னாளில் தோள், முழங்கை, விரல்களின் இயக்கத்தை அளக்கும் அளவுகோல் ஒன்று உருவானபோது, நோயாளிகளிடமும் குடும்பங்களிடமும் கேட்டு அதைச் செம்மைப்படுத்தினார்கள். கோப்பையை வாய்வரை உயர்த்த முடிகிறதா என்பதும் அதில் ஒரு கேள்வி.

இந்த நோய்க்குக் காரணமான மரபணுவை 1986இல் கண்டறிந்தார்கள். அது உருவாக்கும், தசையைச் சிதையாமல் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தை அடுத்த ஆண்டு அடையாளம் கண்டார்கள். அந்த மரபணுவில் 79 எக்ஸான்கள், அதாவது புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் துண்டுகள், உள்ளன. பழுது எதில் வேண்டுமானாலும் நேரலாம். 51ஆம் எக்ஸானை விட்டுவிட்டு மற்றவற்றைச் செல்கள் படிக்கும்படி செய்யும் மருந்து, டூஷென் உள்ளவர்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினருக்கே பொருந்தும். ஏற்கெனவே அரிய நோய். அதற்குள்ளும் இப்படிச் சிறு சிறு கூட்டங்கள். ஒரு மருத்துவமனை எத்தனை ஆண்டுகள் காத்திருந்தாலும் போதுமான ஆட்களைத் தனியாகத் திரட்ட முடியாது. அதனால்தான் நோயாளிகள் தாமாகப் பெயர் கொடுக்கும் பதிவேடுகளை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். நரம்பு-தசை நோய்களுக்காக 2007இல் ஐரோப்பாவில் தொடங்கிய ட்ரீட்-என்எம்டி வலையமைப்பு பல நாடுகளின் பதிவேடுகளை ஒன்றோடொன்று இணைத்தது. மரபணு அறிக்கை, நடை நிலை, ஸ்டீராய்டு எடுத்துக்கொள்கிறாரா என்ற சில விவரங்கள் ஒரே வடிவில் இருந்தால், இன்ன மரபணு மாற்றம் உள்ளவர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது.

குடும்பங்கள் கதவைத் தட்டிய பிறகே ஆய்வு வேகம் பிடித்ததற்குச் சான்றுகள் உண்டு. இந்த நோய் கண்ட நான்கு மகன்களின் தாயான யோலன் த கெப்பேர் 1958இல் பிரான்சில் தொடங்கிய சங்கம், 1987 முதல் தொலைக்காட்சி வழியே நிதி திரட்டி, 1990இல் ஜெனெத்தோன் என்ற மரபணு ஆய்வுக்கூடத்தை நிறுவியது. அமெரிக்காவில் 2014இல் பெற்றோர் அமைப்பு ஒன்று, டூஷென் மருந்துகளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்ற வழிகாட்டி வரைவைத் தானே முன்னின்று எழுதி மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் கொடுத்தது. ஒழுங்குமுறை அமைப்பின் இறுதி வழிகாட்டி 2018இல் வெளிவந்தது. பெற்றவர்கள் எழுதிய வரிகள் அரசு ஆவணத்துக்கு அடித்தளம் ஆனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆய்வாளர்களிடம் எனக்கு ஓர் ஆதங்கமும் உண்டு. தம்பிக்கு 7 வயதாக இருந்தபோது அவன் தொடையிலிருந்து ஆய்வுக்காகத் தசைத்துண்டு எடுத்தார்கள். அதிலிருந்து என்ன தெரிந்தது, ஆய்வு முடிந்ததா, பாதியில் நின்றதா என்று ஒரு வரிகூட இன்றுவரை எங்களுக்கு வரவில்லை. தோற்றுப்போன ஆய்வென்றாலும் சொல்லியிருக்கலாம். அந்தத் தழும்பு அவன் காலில் இருக்கிறது.

சென்ற ஆண்டு, ஒரு புதிய ஆய்வைத் திட்டமிடும் கட்டத்திலேயே எங்களைப் போன்ற சில குடும்பங்களை அழைத்திருந்தார்கள். இயன்முறை மருத்துவர் ஒருவர் தம்பியின் அருகில் அமர்ந்து, "மருந்து ஒரே ஒரு மாற்றத்தைத்தான் தரும் என்றால் உங்களுக்கு எது வேண்டும்?" என்று கேட்டார். நடக்க வேண்டும் என்று சொல்வான் என எண்ணியிருந்தேன். "ராத்திரி நானே புரண்டு படுக்க வேண்டும். அம்மா நாலு தடவை எழுந்திருக்கிறார்" என்றான். அவர் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, எந்தப் பக்கம் புரள்வது கடினம், போர்வை தடுக்கிறதா, தலையணையை யார் நகர்த்துகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து வந்த வினாத்தாள் வரைவில், இரவில் எத்தனை முறை உதவி தேவைப்படுகிறது என்பது மூன்றாவது கேள்வியாக இருந்தது. தம்பி அதைப் படித்துவிட்டு, போர்வையைப் பற்றி இன்னும் கேட்கவில்லையே என்று பதில் அனுப்பியிருக்கிறான்.